நின்றாலும் விளக்கணையாத வண்டி

ஆலங்கரை ஜங்ஷனில் கடைசி ரயில் ஓடி ஒன்பது வருடம் ஆன பிறகு, ஓர் ஐப்பசி மாதத்தில், மாலை ஆறு பத்து பாசஞ்சர் என் வீட்டுக் கூடத்தில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து அதில் ஏறிப் போய், அதில் திரும்பி வராதவர்கள் எல்லோரும் அதன் சன்னல்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

அகலப்பாதை போடுகிறோம் என்று சொல்லித்தான் மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பெயர்த்த இரும்பு லாரியில் போனது, ஸ்லீப்பர் கட்டைகள் போயின, தண்ணீர்த் தொட்டியின் தகரம் போனது, பிளாட்பாரத்துக் கல்பெஞ்சுகூட யார் வீட்டு வாசலுக்கோ போனது. அகலப்பாதை மட்டும் வரவில்லை. ரயிலடித் தெருவில் வீடு கட்டிக்கொண்ட பழைய ரயில்வேக்காரர்கள் நாங்கள், ஆறு பத்துக்கு வாசலுக்கு வந்து நின்று, ஒன்றும் வராததைப் பார்த்துவிட்டு உள்ளே போகும் பழக்கத்தை விடாமல் வைத்திருந்தோம்.

நான் முப்பத்தொரு வருடம் மேற்குக் கேபினில் லீவர்மேனாக இருந்தவன். கேபின் என்பது ஸ்டேஷனைத் தாண்டித் தண்டவாளத்தை ஒட்டி மாடிவீடுபோல் நிற்கும் ஓர் அறை. அங்கிருந்து லீவரை இழுத்தால் கம்பி வழியாகக் கைகாட்டி இறங்கும், வண்டி புறப்படும். லீவரை வெறுங்கையால் தொட மாட்டோம். வியர்வை பட்டால் துருவேறும் என்று துணியால் பிடிப்போம். வண்டி கடக்கும்போது அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னலுக்கு வந்து பச்சைக்கொடி காட்ட வேண்டும். டிரைவர் நிமிர்ந்து பார்ப்பார், கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பார்ப்பார். கேபினில் ஆள் இருக்கிறான், எல்லாம் சரி என்று போவார்கள். ஆல்ரைட் காட்டுவது என்று அதற்குப் பெயர்.

என் மனைவி செங்கமலத்தை அவள் தம்பி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்று, என்னை மாற்றிவிட வேண்டிய ஆள் வேலைக்கு வரவில்லை. அவள் போன வண்டிக்கு நானே லீவரை இழுத்தேன், நானே சன்னலில் நின்று கொடி காட்டினேன். மூன்றாவது பெட்டியில் இருந்தாள். கேபினைக் கடக்கும்போது தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நான் கையைக் காட்டுவதற்குள் பெட்டி போய்விட்டது. நாலாம் நாள் அவளை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் சொன்னது நாலைந்து சொல்தான் இருக்கும், அதற்குமேல் சொல்ல நேரமில்லை. அந்த நாலைந்து சொல் என்னவென்று தெரியாமல் இருபத்திரண்டு வருடம் போயிற்று.

ஓய்வுபெற்ற பின் கூடத்தில் சுவரோடு சேர்த்துப் பலகை போட்டு, பன்னிரண்டு அடி நீளத்தில் எங்கள் ஜங்ஷனைச் செய்தேன். சென்னையில் ஒரு பழைய பொம்மைக் கடையில் கிடைத்த இஞ்சினுக்கு மேல்தகரத்தை மாற்றி எங்கள் ஊர் இஞ்சின் ஆக்கினேன். அட்டையில் பெட்டிகள் செய்து, பிளாஸ்டிக் ஃபைலை வெட்டிச் சன்னல் வைத்து, உள்ளே சின்னச் சின்ன பல்பு போட்டேன். கேபினையும் செய்தேன், பதினாறு லீவருக்குப் பதினாறு குண்டூசி வைத்தேன், அதில் ஒன்றை நூலால் ஒரு கைகாட்டியோடு கட்டினேன். மனிதர்களை மட்டும் வைக்கவில்லை; அரிசியளவு முகத்துக்குக் கண் எழுத என் கைக்கு வராது என்று விட்டுவிட்டேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஊர் வைக்கவும் இடமில்லை. பலகை அங்கே சுவரில் முடிந்துவிட்டது.

முதலில் பார்த்தது எதிர்வீட்டுத் தையல்நாயகி அக்காதான். உறைமோருக்குக் கிண்ணத்தோடு வந்தவள், வண்டி இரண்டு சுற்று சுற்றும்வரை நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அது நம்ம பாரியில்ல?" என்றாள்.

பாரி அவளுடைய மகன். பத்தொன்பது வயதில், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆறு பத்து பாசஞ்சரில் ஏறிப் போனவன். பம்பாய் என்றார்கள், சூரத் என்றார்கள், ஒரு கடிதமும் வரவில்லை.

"எங்கேக்கா?"

"ரெண்டாவது பெட்டியில, கதவுக்கு அடுத்த சன்னல்ல. கோடு போட்ட சட்டை." இன்னொரு சுற்று பார்த்தாள். "இந்நேரம் வெளுத்திருக்கும்னு நெனச்சேன். வெளுக்கல."

பிறகு பால் ஆறிவிடும் என்று மோரை வாங்கிக்கொண்டு போனாள். பாலை உறைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் அதற்குள் மூன்றாவது பெட்டியைப் பார்த்திருந்தேன். ஊதாக்கரைச் சேலையோடு, நகத்தளவில், செங்கமலம் இருந்தாள். கேபினைக் கடக்கும்போது தலையை நீட்டி ஏதோ சொன்னாள். அடுத்த சுற்றிலும் சொன்னாள். அதற்கடுத்த சுற்றிலும் சொன்னாள்.

ஒரு வாரத்தில் தெருவே வந்தது, ஒரு மாதத்தில் ஊர் வந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் சன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாக விழும். முன்வரிசை யாருக்கு என்று சண்டை வந்து, பிறகு பார்க்க ஆள் உள்ளவர்கள் முன்னால், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால் என்று ஆயிற்று. ரேஷன் கடைக்காரர் ஆறு மணிக்கே ஷட்டரை இறக்கினார், பிள்ளையார் கோவில் குருக்கள் சாயரட்சையை ஏழுக்குத் தள்ளினார், மளிகைக்கடையில் "வண்டி போனதும் வாங்க" என்று எழுதித் தொங்கவிட்டார்கள். வண்டியில் இருப்பவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று யாரும் சொல்லாமலே ஒரு விதி வந்தது. புளியோதரை கொண்டுவந்தவர்கள் வண்டிக்குக் காட்டிவிட்டு எங்களுக்குக் கொடுத்தார்கள்.

செத்தவர்கள்தான் வருகிறார்கள் என்று முதலில் நினைத்தோம். சிக்னல் மெக்கானிக்காக இருந்த கவுஸ் மைதீன் தன் அத்தா முகத்தை இருபது நாள் தேடிவிட்டு, "எங்கத்தா ஊட்டுலதானே மௌத்தானாரு, அவரு எதுக்கு ரயில்ல வரப்போறாரு" என்று தானே சொல்லிக்கொண்டார். நாலாவது பெட்டியில் இருந்த டிரில் மாஸ்டரோ மாற்றலாகிப் போய்த் திருப்பூரில் உயிரோடுதான் இருந்தார். கவுஸ் அவருக்கு போன் போட்டு, "சார், நேத்து சாயங்காலம் நீங்க எங்க வண்டியில போனீங்க" என்றார். மாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையில குடை இருந்துச்சா? அன்னைக்கு எங்க வச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்று கேட்டார். இருந்தது என்று சொன்னதும் நிம்மதியாக போனை வைத்தார்.

இப்படி ஒரு வருடம் போயிற்று, ஊர் அதற்குப் பழகிவிட்டது, நான்தான் பழகவில்லை. என்னிடம் இருந்தது குமிழ் வைத்த பழைய மின்பெட்டி. குமிழைத் திருகினால் வண்டி வேகமாகப் போகும், விளக்கு நன்றாக எரியும், முகம் தெரியும், ஆனால் கேபின் பக்கத்தில் செங்கமலத்தின் உதடு அசைவதற்கும் பெட்டி தாண்டுவதற்கும் சரியாக இருக்கும். குமிழைக் குறைத்தால் வண்டி மெதுவாகும், விளக்கும் மங்கும், முகம் புகைபோல் ஆகிவிடும். நிறுத்தினால் விளக்கு அணைந்து, நான் வெட்டி ஒட்டிய பிளாஸ்டிக் துண்டுகள் மட்டும் இருக்கும். ஆயிரம் முறை பார்த்தேன். முதல் சொல் 'அ'வில் தொடங்குவதுபோல் வாய் திறக்கும், அவ்வளவுதான்.

கவுஸ் மைதீன் ஒரு நாள் பலகைக்கு அடியில் படுத்து ஒயர்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணே, ஒங்க பெட்டியில கரண்ட்டுதான் வேகம், கரண்ட்டுதான் வெளிச்சம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டிக் கெடக்கு. டிஜிட்டல் போட்டா தண்டவாளத்துல எப்பவும் முழுக் கரண்ட்டு இருக்கும். நீங்க சொல்ற உத்தரவு அதுமேல தபால் மாதிரிப் போவும். இஞ்சினுக்குள்ள ஒரு சில்லு வைப்போம், அதுக்கு ஒரு நம்பர். தன் நம்பருக்கு வந்த தபால மட்டும் அது பிரிச்சுப் படிக்கும். மெதுவாப் போன்னா நத்தை மாதிரிப் போவும். நில்லுன்னா நிக்கும். வெளக்கு அது பாட்டுக்கு எரியும்."

"நின்னாலுமா?" என்றாள் தையல்நாயகி அக்கா.

"நின்னாலும்."

கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் பலகையை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

எந்த டிஜிட்டல் என்பதில் தை மாதம் தொடங்கிய பேச்சு பங்குனி வரை போனது. பழைய யூனியன் பழக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, பேசியதை எல்லாம் எழுதினார்கள். மூன்று விதம் இருந்தன. கைபேசியில் விரலால் தள்ளி ஓட்டுவது ஒன்று. கம்ப்யூட்டர் திரையில் ஸ்டேஷன் படத்தைப் பார்த்து ஓட்டுவது ஒன்று. ஒயரில் தொங்கும் கைப்பெட்டி ஒன்று, அதில் ஒரு குமிழ், அந்தக் குமிழில் நூற்றிருபத்தெட்டு வேகம். ஆரோக்கியதாஸ் அந்தப் பாதையில் இருபத்தாறு வருடம் டிரைவராக இருந்தவர். அவருக்கு வண்டியில் யாருமில்லை, இஞ்சினைப் பார்க்கத்தான் வருவார், ஆனால் அவர் பேசாமல் ஒரு முடிவும் ஆகாது.

"போனா?" என்றார். "வண்டி வளைவுல வர்றப்போ ஒன் மருமவன் கூப்பிடுவான். யாருய்யா எடுக்கறது, நீயா, இஞ்சினா?"

"கம்ப்யூட்டர்ல அந்தத் தொந்தரவு இல்ல" என்றார் கவுஸ்.

"அதுல ஒரு வண்டி ஓடும், பலகையில ஒரு வண்டி ஓடும். கவுந்தா எதைப் போய்த் தூக்குவே?"

"அப்போ கைப்பெட்டிதான். ஒயர் இருக்கு, அஞ்சடிக்கு மேல நகர முடியாது."

"அதான் நல்லது. டிரைவர் வண்டிய விட்டுட்டு டீக்கடைக்குப் போவமாட்டான்."

கைப்பெட்டி என்று நோட்டில் எழுதினார்கள். இஞ்சினுக்கு என்ன நம்பர் கொடுப்பது என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது; கடைசியில் ஆரோக்கியதாஸ் கடைசியாக ஓட்டிய இஞ்சினின் நம்பரையே கொடுப்பது என்று ஆனபோது அவர் எழுந்து வெளியே போய் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். பிளாட்பாரத்தில் பழைய டைம்டேபிள்படி இரண்டு நிமிடம் வண்டி நிற்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அது தையல்நாயகி அக்கா கேட்டது. "ஓடற வண்டியில பார்த்துப் பார்த்துக் கண்ணு வலிக்குது. ஒரு தடவை அசையாம உக்காந்திருக்கிறதப் பாத்துக்கிறேன்" என்றாள்.

இஞ்சினைப் பிரிக்கிற அன்று கவுஸ் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பழசு அண்ணே. உள்ள எல்லாத்தையும் அறுத்துட்டுத்தான் வைக்கணும். அப்புறம் இது இதுவா இருக்காது. யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு முறை அவள் வாய் திறப்பதை என் ஆயுள் முழுக்கப் பார்க்கலாம். அல்லது ஒரே ஒரு முறை அவள் சொல்வதை முழுக்கப் பார்க்கலாம். "பிரிங்க" என்றேன்.

சித்திரை மாதம், பௌர்ணமிக்கு முந்தின நாள், கூடமும் வாசலும் நிறைந்திருந்தன. பழைய பல்பு முழுக் கரண்ட்டைத் தாங்காது என்று கவுஸ் புதிய விளக்குகள் வைத்திருந்தார், பழைய பெட்டிகளில் எரிந்த அதே மஞ்சள் நிறத்தில் தேடி வாங்கியவை. கைப்பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். ஆறு பத்துக்கு இஞ்சின் நம்பரை அழுத்தி, குமிழைப் பாதி கடுகளவு திருப்பினேன். வண்டி நகர்ந்தது. அப்படி ஒரு நகர்தலை நான் பார்த்ததில்லை. கட்டை கட்டையாக, எண்ணிவிடக்கூடிய அளவு மெதுவாக, எல்லாச் சன்னலும் முழு வெளிச்சத்தோடு வந்தன. பாரி ஆள்காட்டி விரலால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். டிரில் மாஸ்டர் குடையை இருக்கைக்கு அடியில் வைப்பதைப் பின்வரிசையிலிருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். முதல் சுற்றில் பிளாட்பாரத்தை நிற்காமல் கடக்க விட்டேன், ஏனென்றால் எனக்குக் கேபின்தான் வேண்டும். பலகையோரம் முழங்காலிட்டு, என் முகத்தைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பெட்டி வந்தது. செங்கமலம் தலையை நீட்டினாள். நெற்றிப்பொட்டு வியர்வையில் ஒரு பக்கம் கரைந்திருந்தது தெரிந்தது. வாயைத் திறந்தாள். கேபின் சன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

அங்கே ஆள் இல்லை.

ஒரு வருடம் அவள் அந்தச் சன்னலை வேகத்திலும் மங்கலிலும் கடந்திருந்தாள். ஆள் நிற்கிறான் என்றே நினைத்துச் சொன்னதைச் சொல்லிக்கொண்டு போயிருந்தாள். இப்போது வெளிச்சம் கேபினுக்குள்ளும் விழுந்தது, பதினாறு குண்டூசியும் தெரிந்தன, பின்சுவரில் நான் தடவிய பசைகூடத் தெரிந்தது. அவள் பெட்டி தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது, நான்தான் அவ்வளவு மெதுவாக விட்டிருந்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்தச் சுற்றோடு நான் ஓட்டத்தை முடித்திருக்கலாம். ஆனால் பிளாட்பாரத்தில் நின்றால், விளக்கெரிய நின்றால், காதைச் சன்னலில் வைத்துக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாம் சுற்றில், நோட்டில் எழுதியபடி, நிறுத்தினேன்.

வண்டி நின்றது. விளக்கு அணையவில்லை. ரயில்வேக்காரர்கள் அத்தனை பேர் மூன்று மாதம் உட்கார்ந்து பேசினோம், ஊர் வந்து வண்டி நின்றால் ஜனங்கள் இறங்குவார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பெட்டிக் கதவுகள் திறந்தன. பெட்டியும் பையுமாக இறங்கினார்கள், குழந்தையைத் தூக்கிக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள், ஒருவர் திரும்ப ஏறித் தண்ணீர்க்கூஜாவை எடுத்து வந்தார். பாரி தாவி இறங்கி முன்னால் போனான். செங்கமலம் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கி, சேலையை நீவிவிட்டு, கேபின் பக்கம் ஒரு முறை பார்த்தாள். என் முகம் அவளுக்கு ஒரு முழத்தில் இருந்தது. அவளுக்கு அது முகமாகத் தெரிந்திருக்காது. எல்லோரோடும் நடந்து, ஸ்டேஷன் வாசலென்று நான் கறுப்பு மையால் வரைந்திருந்த இடத்துக்குள் போனாள்.

இரண்டு நிமிடம் ஆனது. வண்டி காலியாக, பளிச்சென்று நின்றது.

நான் ஸ்டேஷன் கூரையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே முட்டுக்கொடுத்த தீக்குச்சிகள் இருந்தன.

முதலில் பேசியது ஆரோக்கியதாஸ்தான். கொஞ்சம் தாழ்ந்த குரலில், "கேபின்ல ஆளு வைக்கலியாய்யா?" என்றார். "ஆல்ரைட் இல்லாத ஊருல எறங்கிப் பாக்கத்தான்யா செய்வாங்க."

தையல்நாயகி அக்கா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "வந்துட்டான்ல" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு என்னிடம், "தம்பி, ஸ்டேஷனுக்குப் பின்னால வெளிய வர வழி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

சுவரைப் பார்த்தேன். "வச்சிருக்கேங்க்கா" என்றேன்.

மறுநாள் டிரில் மாஸ்டர் போன் செய்தார். நேற்றுச் சாயங்காலம் ஈசிசேரில் உட்கார்ந்திருந்தபோது ஏதோ ஓர் ஊரில் இறங்கிவிட்டதுபோல் இருந்தது, எந்த ஊர் என்றுதான் பிடிபடவில்லை, குடையை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்றார். நாலாவது பெட்டியின் அட்டைக் கூரையைக் கழற்றிப் பார்த்தேன். குடை இல்லை.

கவுஸ் சில்லைக் கழற்றி, அறுத்ததை எல்லாம் மறுபடி பற்றவைத்து, பழைய மின்பெட்டியைப் பொருத்திக் கொடுத்தார். குமிழைத் திருகினேன். வண்டி வேகமாகப் போனது, விளக்கு எரிந்தது, குறைத்தேன், மங்கியது. சன்னல்களில் சன்னல்கள்தான் இருந்தன. நாற்பது நாள் அப்படி ஓட்டிவிட்டு, சில்லையே திரும்ப வைக்கச் சொன்னேன். ரேஷன் கடை பழையபடி ஏழு மணிவரை திறந்திருந்தது. குருக்கள் பூஜை நேரத்தை முன்னால் கொண்டுவந்தார். நோட்டை யாரோ எடுத்துப் போனார்கள். தையல்நாயகி அக்கா மட்டும் அன்றிலிருந்து வாசல் கதவைத் தாழ் போடுவதில்லை. காலையில் கோலம் போட்டுவிட்டு, "இன்னும் வந்து சேரல. வழி சுத்துபோல" என்பாள். ஆமாம் என்பேன். அவளுக்காகப் பலகையைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த இடைவெளியில் தரைதான் இருக்கிறது.

பிறகு ஒரு மனிதனைச் செய்தேன். தீக்குச்சியைச் சீவி, நூல் சுற்றி, காக்கிச் சாயம் தடவி, தோளில் ஒரு நூலளவு துணி போட்டு, கையில் பச்சைக்கொடி கொடுத்துக் கேபின் சன்னலில் நிறுத்தினேன். அரிசியளவு முகத்துக்குக் கண் எழுத ஒரு மாதம் ஆயிற்று. கைக்கு வராது என்று அன்று விட்டது, வந்துவிட்டது.

தினமும் ஆறு பத்துக்கு இஞ்சின் நம்பரை அழுத்திக் கடுகில் பாதி திருப்புகிறேன். நாலு பெட்டியும், இருபத்து நாலு சன்னலும், முழு வெளிச்சத்தில், காலியாக, ஒவ்வொன்றாக அவனைக் கடக்கின்றன. மூன்றாவது பெட்டி வரும்போது இன்னும் குறைக்கிறேன். கடைசிப் பெட்டி போன பிறகு, வழக்கப்படி, துணியால் குண்டூசியைப் பிடித்துக் கைகாட்டியைப் பழைய நிலைக்கு ஏற்றிவிடுகிறேன்.